ஃபேன்டசிக் கதைகளில் பெயரும் உறவுமுறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடித்தடியான ஃபேன்டசி நாவல்களை நண்பர்கள் கையில் திணிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. நூறு பக்கம் தாண்டுவதற்குள் ஃபோன் வந்துவிடும். "இவன் யாரு? அவனுக்கு இவன் என்ன வேணும்? போன அத்தியாயத்தில் வேற பேர்ல வந்தானே?" அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் கொஞ்சம் திருத்தி இங்கே வைத்திருக்கிறேன். பெரும்பாலும் டோல்கீன், அப்புறம் லெ குவின், மார்ட்டின், கொஞ்சம் ரௌலிங். கதை முடிவுகளையும் தயங்காமல் சொல்லியிருக்கிறேன். இன்னும் படிக்காதவர்கள் பார்த்துப் போங்கள்.

இத்தனை பெயர்களை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?

வைத்துக்கொள்ளவே வேண்டாம். காதால் கேட்டுக்கொண்டே போனால் போதும்.

நம்மூர் நாவலில் ஒருவர் பெயர் சுடலைமுத்து என்று வந்தால், எந்தப் பக்கத்து ஆள், குலசாமி எது என்பதுவரை பாதி விளங்கிவிடும். ஆசிரியர் மெனக்கெட வேண்டியதில்லை, ஊரே சொல்லிவிடுகிறது. ஃபேன்டசி எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. ஊரையே அவர்தான் கட்டுகிறார். அதனால் ஊரையும் குலத்தையும் பெயருக்குள்ளேயே மடித்து வைத்தாக வேண்டும்.

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' (1954–55) நாவலில் ரோஹன் என்றொரு நாடு. குதிரை வளர்ப்பவர்கள். அரசன் தியோடன், அவன் அப்பா தெங்கல், மகன் தியோட்ரெட், தங்கை தியோட்வின். தங்கை கட்டிக்கொண்டவர் எயோமுண்ட், பிள்ளைகள் எயோமர், எயோவின். பழைய ஆங்கிலத்தில் 'எயோ' என்றால் குதிரை, 'தியோடன்' என்றால் மக்கள் தலைவன். டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் அந்த மொழிக்கே பேராசிரியராக இருந்தவர். ஆங்கிலோ சாக்ஸன் அரச குடும்பங்களில் அப்பா, பிள்ளை பெயர்கள் ஒரே ஒலியில் தொடங்குவது வழக்கம் என்பது அவருக்குப் பாடமாக நடத்திய விஷயம். அர்த்தமே தெரியாதவருக்கும் காது சொல்லிவிடும்: 'தெ', 'தி' என்று தொடங்குவது மாமன் வீடு, 'எ' என்று தொடங்குவது அப்பா வீடு.

தியோட்ரெட் போரில் சாகிறான், பிறகு தியோடனும். பட்டம் எயோமருக்கு வருகிறது. நாவலின் பின்னிணைப்பில் எயோமரிலிருந்து அரசர்களின் மூன்றாம் வரிசை தொடங்குகிறது என்று டோல்கீன் பிரித்துக் காட்டுகிறார், ஏனென்றால் மகன்வழி அறுந்து தங்கைவழிக்குப் போய்விட்டது. பெயரின் முதல் எழுத்து மாறுகிற அதே இடத்தில் வம்சமும் மாறுகிறது.

இதில் நமக்கு ஒரு கூடுதல் ருசி. எயோமரை அந்த நாவல் 'சிஸ்டர்-சன்' என்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் அண்ணன் பிள்ளையும் 'நெஃப்யூ'தான், தங்கை பிள்ளையும் 'நெஃப்யூ'தான். பழைய ஆங்கிலம் பிரித்துச் சொன்னது, டோல்கீன் அதைத் தோண்டி எடுத்து வைத்தார். நாம் இன்னும் பிரித்துத்தான் சொல்கிறோம்: மருமான்.

பெயருக்கு அர்த்தம் தெரியாவிட்டால் நஷ்டமா?

பெரிதாக இல்லை. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாயகன் ஃப்ரோடோவின் தோழன் சாம், முழுப்பெயர் சாம்வைஸ். அந்தப் பெயர் 'அரைகுறை அறிவுக்காரன்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. தெரிந்தால் ஒரு சிரிப்பு கூடும், தெரியாவிட்டால் சாம் மேல் பிரியம் குறைந்துவிடாது.

'தி ஹாபிட்' (1937) கதையில் வரும் குள்ளர்களின் பெயர்களில் அநேகமானவை 'வொலுஸ்பா' என்ற பழைய ஐஸ்லாந்துப் பாட்டில் வரும் பட்டியலிலிருந்து எடுத்தவை. மந்திரவாதி கன்டால்ஃபின் பெயரும் அதே பட்டியல்தான். முதல் வரைவில் அது குள்ளர் தலைவனின் பெயர், மந்திரவாதிக்கு வேறு பெயர். பாதியில் டோல்கீன் மாற்றிப் போட்டுவிட்டார். ஃப்ரோடோவுக்கும் முதலில் பிங்கோ என்றுதான் பெயர். பிங்கோ மோதிரத்தைச் சுமந்துகொண்டு எரிமலை ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.

1956-இல் டோல்கீனுக்கு லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவரின் நிஜப் பெயரே சாம் கேம்ஜீ, நாவலில் வரும் சாமின் பெயரேதான். டோல்கீன் நல்லபடியாகப் பதில் போட்டார். அதற்குப் பிறகு எஸ். கொல்லம் (நாவலில் மோதிரத்துக்காக அலையும் பரிதாபப் பிறவியின் பெயர்) என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வந்துவிடுமோ என்று கொஞ்சநாள் பயந்துகொண்டிருந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

பில்போ ஃப்ரோடோவுக்கு என்ன முறை வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பில்போ 'தி ஹாபிட்' கதையின் நாயகன், ஃப்ரோடோ அதற்கடுத்த கதையின் நாயகன், இருவரும் ஹாபிட் என்ற குட்டை இனத்தவர்கள். உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

பலரும் 'அங்கிள்' என்றே நினைத்துக்கொள்கிறார்கள். புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே சாமின் அப்பா, சாராயக்கடையில் உட்கார்ந்து ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குகிறார். ஆங்கிலத்தில் அவர் சொல்வதன் சாரம்: இரண்டு பக்கத்திலும் 'கசின்', ஒரு தலைமுறை தள்ளி. ஆங்கில வாசகர்களே அந்த இடத்தில் தலையைச் சொறிவார்கள். தமிழ் முறையில் போட்டால் பளிச்சென்று வந்துவிடுகிறது.

அம்மா வழி: பில்போவின் அம்மா பெல்லடோனா. ஃப்ரோடோவின் அம்மா பிரிமுலா, பிரிமுலாவின் அம்மா மிராபெல்லா. பெல்லடோனாவும் மிராபெல்லாவும் கூடப்பிறந்த அக்காள் தங்கை. அக்காள் தங்கை பிள்ளைகள் நமக்கு அண்ணன் தங்கை. ஆக பில்போ பிரிமுலாவுக்கு அண்ணன், ஃப்ரோடோவுக்குத் தாய்மாமன்.

அப்பா வழி: பில்போவின் தாத்தா முங்கோ, ஃப்ரோடோ அப்பா ட்ரோகோவின் தாத்தா லார்கோ. இருவரும் கூடப்பிறந்தவர்கள். ஆண்வழியிலேயே இறங்கி வந்தால் பில்போவும் ட்ரோகோவும் பங்காளிகள், வயதில் பில்போ மூத்தவர். ஃப்ரோடோவுக்குப் பெரியப்பா.

ஒரே ஆள் தாய்மாமனும் பெரியப்பாவும். நம்மூர்ப் பெரியவர் யாராவது அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தால் அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும்: "அப்படின்னா ட்ரோகோவுக்கும் பிரிமுலாவுக்கும் கல்யாணம் பேசினது யாருப்பா? முறை இடிக்குதே?" ஹாபிட்டுகளுக்கு அந்தக் கவலை இல்லை. எனக்கு அன்று ராத்திரி முழுக்க இருந்தது.

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. ஃப்ரோடோவின் அப்பா அம்மா படகு கவிழ்ந்து ஆற்றில் செத்துப்போகிறார்கள். பிள்ளையில்லாத பில்போ அவனைக் கூட்டிவந்து வாரிசாக்குகிறார். இதனால் யாருக்குப் போகவேண்டிய வீடு போனது? ஓத்தோவுக்கு. ஓத்தோ பில்போவின் சொந்தச் சித்தப்பா மகன், கிட்டத்துப் பங்காளி. அவன் மனைவி லொபீலியா அந்த வீட்டின் மேல் பல வருஷமாகக் கண் வைத்திருக்கிறாள். பில்போ ஊரைவிட்டுப் போகும்போது அவளுக்கு ஒரு பெட்டி வெள்ளிக் கரண்டிகளை அன்பளிப்பாக வைத்துவிட்டுப் போகிறார், ஏற்கெனவே வீட்டில் காணாமல்போன கரண்டிகளை யார் எடுத்தது என்று அவருக்குத் தெரியும் என்பதால். உலகத்தின் விதியைத் தீர்மானிக்கும் மோதிரம் கைமாறுவது ஒரு சுவீகாரத்தில், பக்கத்தில் ஒரு பங்காளித் தகராறு ஓடிக்கொண்டிருக்கும்போது. மோதிரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று பிற்பாடுதான் தெரிகிறது. கரண்டிச் சண்டை முதல் பக்கத்திலிருந்தே புரிகிறது. அதனால்தான் அந்த உலகத்தை நம்புகிறோம்.

(அதே நாவலில் கல்யாணம் செய்துகொள்ளும் அரகார்னுக்கும் ஆர்வெனுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆர்வெனின் சித்தப்பாவுடைய பல பத்துத் தலைமுறைப் பேரன் அரகார்ன். பங்காளி வகையில் பெண் பாட்டி முறை ஆகியிருக்கும். நல்லவேளையாக நடுவில் பெண்வழி புகுந்து காப்பாற்றிவிடுகிறது.)

புத்தகத்தின் கடைசியில் இருக்கும் வம்சாவளிப் படங்களைப் படிக்க வேண்டுமா?

முதலில் வேண்டாம். முடித்த பிறகு பாருங்கள், பாதி அதிர்ச்சி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சில கதைகளில் வம்சாவளியே துப்பறியும் தடயம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996-இல் தொடங்கிய தொடரின் முதல் நாவலில், செத்துப்போன ஒரு அமைச்சர் கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று நெட் ஸ்டார்க் தேடுகிறார். கிடைப்பது பெரிய குடும்பங்களின் வம்சாவளி நூல். வாய்விட்டுப் படித்தால் கொட்டாவி வரும்: இன்னார் இன்னாரைக் கட்டினார், பிள்ளைக்குத் தலைமுடி கறுப்பு. திரும்பவும் கறுப்பு. திரும்பவும் கறுப்பு. அரசர் ராபர்ட்டின் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் கறுப்பு முடி தோற்றதில்லை. ஆனால் அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் தங்க நிறம். நெட்டுக்கு அங்கே விடை கிடைக்கிறது, அதோடு அவர் தலையும் போகிறது.

ரௌலிங்கின் ஹாரி பாட்டர் கதையில் வேறு மாதிரி. பிளாக் குடும்பத்து வீட்டில் வம்சாவளியைத் துணியில் நெய்து சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதில் அங்கங்கே சின்னச் சின்னக் கருகல் ஓட்டைகள். குடும்பத்துக்கு ஆகாதவர்களின் பெயரை எரித்துவிட்டார்கள். வீட்டைவிட்டு ஓடிய சிரியஸ் ஒரு ஓட்டை. மந்திரம் தெரியாதவர்களின் மகனைக் கட்டிக்கொண்ட ஆண்ட்ரோமீடா ஒரு ஓட்டை. சிரியஸ், ரெகுலஸ், பெல்லட்ரிக்ஸ் என்று அந்த வீட்டில் பெரும்பாலும் வானத்துப் பெயர்தான். மூன்று சகோதரிகளில் நார்சிஸாவுக்கு மட்டும் பூவின் பெயர். கடைசியில், பெற்ற மகன் உயிரோடிருக்கிறானா என்று தெரிந்துகொள்வதற்காக எஜமானனிடம் துணிந்து பொய் சொல்பவளும் அவள்தான். ரௌலிங் யோசித்துச் செய்தாரா தெரியாமல் அமைந்ததா என்று நண்பர்களுக்குள் சண்டை உண்டு. நான் யோசித்துத்தான் என்கிற கட்சி.

நாயகன் ஏன் எப்போதும் அனாதை?

அப்பா அம்மா இருந்தால் டிராகனைக் கொல்ல அனுப்புவார்களா?

ஒரே ஆளுக்கு ஏன் ஆறேழு பெயர்? வாசகரைக் குழப்பவா?

குழப்பம் வரத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு பெயரையும் யார் வைத்தார்கள் என்று பாருங்கள், சிக்கல் தானாக அவிழும்.

அரகார்னுக்கு இரண்டு வயதில் அப்பா போய்விடுகிறார். ஆர்வெனின் அப்பா எல்ரோண்டின் வீட்டில் வளர்கிறான். எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதால் அங்கே அவன் பெயர் எஸ்டெல், நம்பிக்கை என்று அர்த்தம். இருபது வயதில்தான் எல்ரோண்ட் அவன் நிஜப் பெயரையும் வம்சத்தையும் சொல்கிறார். வேறு நாடுகளில் படையில் இருந்தபோது தோரோங்கில். பிரீ ஊர்க்காரர்களுக்கு அவன் ஸ்ட்ரைடர், நீளநீளமாக எட்டுவைத்து நடக்கிறவன், கிட்டத்தட்டக் கேலிப் பெயர். கடைசியில் எலெஸ்ஸார் என்று முடிசூடுகிறான். அப்போது தன் வம்சத்துக்கு அவன் வைக்கும் பெயர் எது தெரியுமா? டெல்கோன்டார். அதே 'ஸ்ட்ரைடர்'தான், உயர்மொழியில். தெருவில் கிடைத்த பட்டப்பெயரைத் தூக்கி அரியணையில் வைத்துவிட்டான். அவனுக்கு எந்தப் பெயரும் பொய் ஆகவில்லை, எல்லாம் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன.

இதற்கு நேர்எதிர் டூரின். 'தி சில்மரில்லியன்' (1977) நூலிலும், தனியாக 2007-இல் வந்த 'தி சில்ட்ரன் ஆஃப் ஹூரின்' நூலிலும் இருக்கும் கதை. அப்பா ஹூரினைப் பிடித்துவைத்து, அந்த உலகத்தின் பெரிய தீயசக்தியான மோர்கோத் அந்தக் குடும்பத்தையே சபிக்கிறான். மகன் டூரின் சின்ன வயதில் வேறு நாட்டுக்கு அனுப்பப்படுகிறான். அவன் போன பிறகு பிறக்கிறாள் தங்கை நியனோர். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

டூரின் போகிற இடமெல்லாம் பெயரை மாற்றுகிறான். கொள்ளைக்காரர்களோடு இருக்கும்போது நெய்தான், அநீதி இழைக்கப்பட்டவன். அப்புறம் கோர்தோல். நார்கோத்ரோண்டில் அகர்வாயென், ரத்தக்கறை படிந்தவன். அப்பா பெயரைக் கேட்டால் 'ஊமார்த்' என்கிறான், கெட்ட விதி என்று அர்த்தம். கருவாளைத் தூக்கியதும் மோர்மெகில். ஒரு நண்பன் அவன் நிஜப் பெயரை வெளியே சொல்லிவிட, டூரினுக்குக் கோபம் வருகிறது: நான் ஒளிந்திருந்த விதியிடம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாயே என்று. நண்பன் சொல்லும் பதில், விதி உனக்குள் இருக்கிறது, பெயரில் இல்லை. டூரின் கேட்கவில்லை. அடுத்த பெயர் டூரம்பார், விதியை ஆள்பவன்.

அதே காலத்தில் டிராகனின் பார்வை பட்டு நியனோருக்கு எல்லாம் மறந்துபோகிறது. பெயர், பேச்சு, எதுவும் இல்லை. காட்டில் ஓடி வந்து ஒரு சமாதிமேட்டில் விழுந்து கிடப்பவளை டூரின் கண்டெடுக்கிறான். அழுதுகொண்டே இருக்கிறாள் என்பதால் நீனியெல் என்று பெயர் வைக்கிறான், கண்ணீர்ப் பெண். இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அவள் கர்ப்பமாகிறாள்.

இரண்டு பேரில் ஒருவராவது பெற்றவர்கள் வைத்த பெயரோடு இருந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது. அவன் தெரிந்தே ஒளித்துவைத்தான், அவளிடமிருந்து பிடுங்கப்பட்டது. மோர்கோத்தின் சாபம் அந்த இடைவெளியில் புகுந்து வேலை பார்த்தது. சாகக் கிடக்கும் டிராகன் அவர்களுக்குப் பெரிய கேடு எதுவும் செய்வதில்லை, உறவைச் சொல்லிவிட்டுச் சாகிறது, அவ்வளவுதான். நியனோர் என்ற பெயருக்கும் துக்கம் என்றுதான் அர்த்தம். தெரியாமல் வைத்த புதுப் பெயரும் பழைய பெயரிடமே கொண்டுபோய் விட்டிருக்கிறது. ஃபின்லாந்தின் 'கலேவலா' காப்பியத்தில் குல்லெர்வோ என்பவனின் கதைதான் இதற்கு விதை. ஆனால் பெயர்களின் இந்த விளையாட்டு டோல்கீனின் கைவேலை.

உண்மைப் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்ளும் கதைகள் எதற்கு? யாராவது கூப்பிட்டால் என்ன ஆகிவிடும்?

கணவன் பெயரைச் சொல்லாமல் "உங்க அண்ணன்", "பெரியவன் அப்பா" என்றே காலத்தை ஓட்டிய பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அவ்வளவு அந்நியம் இல்லை.

உர்சுலா லெ குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' (1968) உலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு உண்மைப் பெயர் உண்டு. அது தெரிந்தவர் கையில் உங்கள் உயிர். அதனால் ஊருக்கு ஒரு பெயர், உள்ளுக்கு ஒரு பெயர். அம்மா வைத்த டூனி என்ற பெயரைப் பதின்மூன்று வயதில் எடுத்துவிட்டு, குரு ஓகியோன் காதில் கெட் என்று சொல்கிறார். ஊருக்கு அவன் ஸ்பாரோஹாக், பருந்து வகைப் பறவை.

இந்த ஏற்பாட்டில் அழகு எங்கே வருகிறதென்றால், மந்திரச் சண்டையில் வருவதில்லை. தன் திமிரால் ஒரு நிழலை அவிழ்த்துவிட்டு, முகமெல்லாம் தழும்போடு, எல்லோரும் ஒதுங்கிப்போகும் நிலையில் கெட் இருக்கும்போது, அவன் நண்பன் வெச் கிளம்புவதற்கு முன் தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். எஸ்டாரியோல். கட்டிப்பிடிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, பெயரைக் கொடுத்தான். பிற்பாடு வெச்சின் தங்கையும் தன் பெயரைச் சொல்கிறாள். ரத்த உறவு ஒன்றும் இல்லாத கெட்டுக்கு அந்த வீடுதான் சொந்த வீடு.

பெயரைப் பறிப்பது ஏன் இவ்வளவு கொடூரமாகப் படுகிறது?

லெ குவினின் அடுத்த நாவல் (1971) தொடங்கும் விதமே இதற்குப் பதில். அந்தி நேரம், ஆப்பிள் மரங்கள், ஒரு அம்மா வாசலில் நின்று விளையாடும் குழந்தையைக் கூப்பிடுகிறாள்: டெனார், வீட்டுக்கு வா. பக்கத்தில் நிற்கும் அப்பா, அவள் மேல் ரொம்பப் பாசம் வைக்காதே என்கிறார், கோயில்காரர்கள் வந்து கொண்டுபோகப் போகிறார்கள் என்பதால். கொண்டுபோய் அவளுக்கு ஆர்ஹா என்று பெயர் வைக்கிறார்கள், 'உண்ணப்பட்டவள்'. பல வருஷம் கழித்து ஒரு சுரங்கத்துக்குள் அந்நியன் ஒருவன் டெனார் என்று கூப்பிடும்போது, நமக்கு அந்த அம்மாவின் குரல்தான் கேட்கிறது.

மார்ட்டின் இதை இன்னும் குரூரமாகச் செய்கிறார். தியோன் சின்ன வயதிலேயே பணயமாக ஸ்டார்க் வீட்டுக்கு வந்தவன், பெற்ற அப்பா வீட்டிலும் வளர்ந்த வீட்டிலும் ஒட்டாதவன். அவனைச் சித்திரவதை செய்து ராம்ஸே 'ரீக்' என்று பெயர் வைக்கிறான். நாத்தம்பிடிச்சவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2011-இல் வந்த ஐந்தாம் நாவலில் அவன் அத்தியாயத்தின் தலைப்பே 'ரீக்'. அடுத்தடுத்து தலைப்பு மாறுகிறது: 'வின்டர்ஃபெல் இளவரசன்', 'கட்சிமாறி', 'வின்டர்ஃபெல்லில் ஒரு பேய்'. கடைசி அத்தியாயத்துக்குத்தான் 'தியோன்'. பொருளடக்கத்தைப் படித்தாலே ஒரு மனிதன் எழுந்து நிற்பது தெரியும்.

பெயரைப் பறித்த ராம்ஸேவுக்கும் ஒரு பெயர்ப் புண் உண்டு. அவன் முறைதவறிப் பிறந்தவன். அந்த உலகத்தில் பெரிய வீட்டு ஆணுக்கு அப்படிப் பிறந்த பிள்ளைக்குக் குடும்பப் பெயர் கிடைக்காது, வட்டாரத்தின் பெயர்தான்: வடக்கில் ஸ்னோ, டோர்னில் சாண்ட், ஆற்றுப்பகுதியில் ரிவர்ஸ். பனி, மணல், ஆறு. கேட்க அழகாக இருக்கும், அர்த்தம் 'அப்பா பெயர் கேட்காதே' என்பதுதான். ராம்ஸே அப்பாவின் பெயரை வாங்கிய பிறகும் யாராவது ஸ்னோ என்றால் வெறிபிடித்துவிடுகிறான். நெட் ஸ்டார்க் வீட்டில் வளரும் ஜான் அதே ஸ்னோவைச் சுமந்துகொண்டு வேறு மாதிரி ஆளாகிறான்.

கொல்லமும் இந்த வரிசைதான். தொண்டையில் எழுந்த சத்தத்தை வைத்து அவன் சொந்தக்காரர்களே வைத்த பெயர் அது. துரத்திவிட்டதும் சொந்தப் பாட்டி. ஃப்ரோடோ அவனை ஸ்மெயகோல் என்று பழைய பெயரால் கூப்பிட்டதும் கொஞ்சநாள் மனுஷன் மாதிரி ஆகிறான்.

அப்பா பெயர் பிடிக்காமல் மாற்றிக்கொள்பவர்கள்?

ஹாரி பாட்டர் கதையின் வில்லன் வோல்டெமோர்ட். பிறந்தபோது அவன் பெயர் டாம் ரிடில். டாம் என்பது அப்பா பெயர், ரிடில் என்பதும் அவர் பெயர். எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வேறு பெயர் செய்துகொண்டான், பிறகு அப்பாவையும் கொன்றான். பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் எழுத்துக் கணக்கு சரியாக வரவேண்டும் என்பதற்காக அவன் நடுப்பெயரை எல்விஸ் என்று மாற்றினார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு உலகத்தையே நடுங்கவைக்கும் வில்லனின் பெயர் டாம் எல்விஸ்.

ஒரே ஒரு எழுத்து குடும்பத்தைப் பிரிக்குமா?

டோல்கீனின் கதைகளில் சாவில்லாத எல்ஃப் இனத்து இளவரசன் ஃபியனோரின் வீட்டில் பிரித்தது. டோல்கீன் இறந்த பிறகு 1996-இல் வந்த தொகுப்பு ஒன்றில் இந்தக் குறிப்பு இருக்கிறது. மொழியியல்காரர் ஒருவர் குடும்பக் கதை எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

ஃபியனோரின் அம்மா மீரியெல். அவளுக்கு 'தெரிந்தே' என்று ஒரு பட்டப்பெயர், ஊசிவேலைக்காரி என்று அர்த்தம் (நம் 'தெரிந்தே'வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்). அந்தச் சொல்லில் முதலில் வருவது பல்லிடுக்கில் காற்றுவிட்டுச் சொல்லும் 'த'. மீரியெல் இறந்துபோகிறாள். அப்பா ஃபின்வே இந்திஸை இரண்டாம் தாரமாகக் கட்டுகிறார். அதற்கிடையில் அவர்கள் இனத்துப் பேச்சில் அந்தத் 'த' மெல்ல 'ஸ' ஆகிவிடுகிறது, எல்லா மொழியிலும் நடப்பதுபோல. இந்திஸும் ஊரோடு ஒத்து 'ஸ' என்கிறாள்.

ஃபியனோருக்கு இது ஒலி மாற்றமாகத் தெரியவில்லை. என் அம்மா பெயரைத் தப்பாகச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறான். அம்மா கடைசிவரை விடாத எழுத்து அது. அதை விடுபவன் இந்திஸ் கட்சி, பிடித்துக்கொள்பவன் என் கட்சி. தன் பிள்ளைகளுக்கும் அப்படியே கற்றுக்கொடுக்கிறான். பிற்பாடு நடக்கும் சகோதரப் பகைக்கும் ரத்தக் களரிக்கும் எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால் சாப்பாட்டு மேசையில் தினமும் குத்தியது இந்த எழுத்தாகத்தான் இருந்திருக்கும். 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்று சொல்லி வகுப்பில் சிரிப்பு வாங்கிய எவருக்கும், அதைத் தன் அம்மா சொல்லிக்கொடுத்த விதமாயிற்றே என்று உள்ளுக்குள் குமுறிய எவருக்கும், ஃபியனோர் புரிவான்.

இன்னொன்று. அந்த இனத்தில் அப்பா ஒரு பெயர் வைப்பார், அம்மா ஒரு பெயர் வைப்பாள். அப்பா வைத்தது குருஃபின்வே, அதில் அப்பாவின் பெயரே இருக்கிறது. அம்மா வைத்தது நெருப்பு ஆவி என்று பொருள்படும் பெயர், அதன் இன்னொரு வடிவம்தான் ஃபியனோர். வரலாற்றில் நின்றது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் மொழிபெயர்த்தால் பெயர்களை மாற்றலாமா?

டோல்கீனுக்கு இது தலைவலியாகவே இருந்தது. டச்சு, ஸ்வீடிஷ் மொழிபெயர்ப்புகளில் பெயர்களைக் கையாண்ட விதம் பிடிக்காமல், 1960களில் மொழிபெயர்ப்பாளர்களுக்கென்றே ஒரு பெயர்க் கையேடு தயாரித்தார். அதன்படி ஆங்கிலமாக இருக்கும் பெயர்களை அர்த்தம் பார்த்து அந்தந்த மொழிக்கு மாற்ற வேண்டும், அவர் உருவாக்கிய மொழிகளில் இருப்பதைத் தொடக்கூடாது. ஆக ஸ்ட்ரைடரை மாற்றலாம், அரகார்னை மாற்றக்கூடாது.

என் கட்சி: பெயரை விடுங்கள், உறவைச் சரியாகப் போடுங்கள். 'கசின்' என்ற சொல்லைத் தமிழில் அப்படியே விட்டால் ஓத்தோ ஏன் அவ்வளவு கொதிக்கிறான் என்றே புரியாது. சித்தப்பா மகன் என்றதும் சொத்துத் தகராறு வாசனை வந்துவிடும்.

நான் ஒரு ஃபேன்டசி எழுதப்போகிறேன். பெயர் எப்படி வைப்பது?

அகராதியைத் திறந்து 'வீரம்' என்பதற்கு ஐந்து சொல் தேடாதீர்கள். நாயகன் பெயரை அவன் அம்மா எப்படிச் சுருக்கிக் கூப்பிடுவாள், கோபம் வந்தால் எப்படி, எதிரி எப்படி, காதலி எப்படி என்று எழுதிப் பாருங்கள். நான்கும் ஒன்றாகவே இருந்தால் அவனுக்கு இன்னும் குடும்பம் அமையவில்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் உங்கள் உலகத்தில் உண்டா என்று முடிவுசெய்யுங்கள். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். அப்புறம், ஒரே எழுத்தில் தொடங்கும் ஐந்து பெயர்களை வைத்தால் அதற்குக் காரணம் இருக்கட்டும். ரோஹன்காரர்களுக்கு இருந்தது.

டோல்கீனின் கல்லறையில் கதாபாத்திரத்தின் பெயர் இருப்பது உண்மையா?

உண்மை. ஆக்ஸ்ஃபோர்டின் வுல்வர்கோட் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. மனைவி ஈடித்தின் பெயருக்குக் கீழே லூதியென், 1889–1971. அவர் பெயருக்குக் கீழே பெரென், 1892–1973. பெரென் சாகப் பிறந்த மனிதன், லூதியென் சாவில்லாத எல்ஃப் இளவரசி, அவனுக்காகச் சாவை ஏற்றுக்கொண்டவள். 1917-இல் யார்க்‌ஷயரில் ரூஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், வெள்ளைப் பூக்கள் மண்டிய காட்டில் ஈடித் ஆடியதைப் பார்த்ததிலிருந்து அந்தக் கதை பிறந்தது. ஈடித் இறந்த மறு வருஷம், கல்லில் அந்தப் பெயர் வேண்டும் என்று மகனுக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீன் இன்னொன்றும் சொல்கிறார்: ஈடித்தை அவர் ஒருநாளும் லூதியென் என்று கூப்பிட்டதில்லை.